தரைக்கு இறங்கிய வீடு

அந்தத் தெருவில் எல்லோரும் அவளைத் தையல்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். கழுத்தில் அளவு நாடாவும் வாயில் குண்டூசியும் இடுப்பில் ஒன்றரை வயது மகளுமாக அவள் நின்றபடியே துணி வெட்டுவதைப் பார்த்தவர்கள், இவளுக்குக் கை இரண்டா, நாலா என்று கேட்பதுண்டு. அப்படிப்பட்டவளைத்தான் வயிற்றுக்குள் வந்து உட்கார்ந்த ஒரு கடுகளவு உயிர் குப்புறக் கவிழ்த்துப் போட்டது.

மகளைச் சுமந்தபோது காலையில் ஓர் ஓங்கரிப்பு, ஒரு கொப்பளிப்பு, அதோடு சரி. இந்த மசக்கையோ வீடு புகுந்து அடித்தது. குழாய்த் தண்ணீர் நாறியது. சோப்பு நாறியது. இஸ்திரிப் பெட்டி பட்டதும் துணி விடும் ஆவி குடலைப் பிடுங்கியது. வருஷக்கணக்காக மோந்து பழகிய தையல் மெஷின் எண்ணெய்கூட எதிரியாகிவிட்டது. உள்ளே போன ஒரு வாய்த் தண்ணீர், போன வழியே திரும்பி வந்தது. எழுந்து நின்றால் சுவர் சாய்ந்தது. கண்ணைத் திறந்தால் கூரை சுற்றியது.

புருஷன் மெக்கானிக். பட்டறையிலேயே குளித்து, வேறு சட்டை மாற்றிக்கொண்டு வருவான். வந்தும் பயனில்லை.

"என்னடி, நான் என்ன செத்த எலியா?"

"எலின்னா பரவால்லீங்க. இன்னும் கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

பாவம், வாசற்படிக்கு வெளியே உட்கார்ந்துதான் அந்த மனுஷன் குடும்பம் நடத்தினான்.

மசக்கை அவளை மட்டும்தான் படுக்க வைத்தது. மகளுக்கு என்ன தெரியும்? சுண்டெலி என்று செல்லப் பெயர். பெயருக்கு ஏற்ற வேலை. ஒரு கண் மூடித் திறப்பதற்குள் மெஷின் மேல் ஏறி ஊசிக்கடியில் விரலை நீட்டுவாள். "ம்மா, தூக்கு" என்று சேலையைப் பிடித்து இழுப்பாள். தூக்கினால் அம்மா விழுவாள், தூக்காவிட்டால் மகள் அழுவாள். தூக்கவும் முடியாமல், அந்த அழுகையைக் கேட்கவும் முடியாமல் ஒரு தாய் தரையில் கிடந்து கண்ணீர் விட்ட அந்தக் காலைப் பொழுதை எந்தக் கல் நெஞ்சம் பார்த்திருந்தாலும் கரைந்திருக்கும்!

அன்றைக்கே நாத்தனாரிடமிருந்து போன் வந்தது. மெக்கானிக்கின் அக்கா. பஸ் ஏறினால் அரைநாள் பயணத் தூரத்தில் இருந்தாள்.

"பிள்ளையை நான் கூட்டிட்டுப் போறேன். பிரசவம் முடிஞ்சதும் கொண்டாந்து விடுறேன். அவளால முடியலைன்னா ஒத்துக்கச் சொல்லு. இந்த வாரமே வர்றேன்."

புருஷன் வாசலில் இருந்தபடி அதை அப்படியே ஒப்பித்தான். தையல்காரி வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"பிரசவம் வரைக்குமா? அதுக்குள்ள என் பிள்ளை அவங்களை அம்மான்னு கூப்பிடுமே! என்னால நிக்கத்தான் முடியலை. வளர்க்க முடியாதுன்னு யார் சொன்னது?"

நிற்க முடியாதவள் யோசித்தாள். நான் எழுந்திருக்க முடியாவிட்டால் என்ன, வீடு உட்காரட்டுமே!

வாசலில் இருந்தவனை மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே கூப்பிட்டு, படுத்தபடியே உத்தரவு போட்டாள். கட்டில் மெத்தை தரைக்கு வந்தது. தண்ணீர்ச் சொம்பு, மகளின் சட்டைகள், பிஸ்கட் டப்பா, பொம்மை, அம்மாவின் வாந்திக் கிண்ணம் எல்லாம் கைக்கெட்டும் உயரத்தில் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்தன. கத்திரியும் குண்டூசியும் பரண் ஏறின. மெஷினின் தோல் பெல்ட்டைக் கழற்றி, ஊசியையும் உருவி எடுக்கச் சொன்னாள். இனி அது சுண்டெலி ஏறி விளையாடும் இரும்புக் குதிரை மட்டும்தான்.

கடைசியில் ஒரே ஒரு பயம் மிஞ்சியது. கண் அசந்துவிட்டால்? அதற்கும் அவள் தொழிலே வழி சொன்னது. பாவாடை நாடா நீளமாக ஒன்று. ஒரு முனை அவள் மணிக்கட்டில். மறுமுனையில் பிரஸ் பட்டன். அது மகளின் கவுன் முதுகில் ஒட்டிக்கொள்ளும். மகள் நகர்ந்தால் நாடா அசைந்து தாயை எழுப்பும். வேகமாக இழுத்தால் பட்டன் தானாகக் கழன்றுவிடும்; பிள்ளைக்குச் சுருக்கு விழாது, அடியும் படாது.

இப்படியாக அந்த வீட்டில் படுத்தபடியே குடித்தனம் நடந்தது. படுத்தபடியே ஊட்டினாள், படுத்தபடியே உடை மாற்றினாள், வயிற்றின் மேல் மகளைக் குப்புறப் படுக்கப் போட்டுக் கதை சொன்னாள். கதையின் நடுவே கிண்ணத்தை எடுப்பாள், முடித்துவிட்டு, "எங்க விட்டேன்? ஆங், நரி" என்று தொடர்வாள்.

சொன்னபடியே நாத்தனார் வந்து இறங்கினாள். வாசற்படியில் உட்கார்ந்திருந்த தம்பியைத் தாண்டி உள்ளே பார்த்ததும் பையைக் கீழே போட்டாள்.

"அடப்பாவி! பெத்த பிள்ளையை ஆடு மாடு மாதிரி கயித்துல கட்டி வச்சிருக்காளே!"

"கயிறு இல்ல அண்ணி, நாடா. இழுத்துப் பாருங்க."

கோபத்தில் அவள் வெடுக்கென்று இழுத்தாள். டப் என்று பட்டன் கழன்று நாடா அவள் கையோடு வந்தது. சுண்டெலிக்கு ஒரே கும்மாளம். கை தட்டிவிட்டு, "இன்னும்!" என்று முதுகைத் திருப்பிக் காட்டினாள்.

நாத்தனாருக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், உதட்டைக் கடித்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்துத்தானா அது நடக்க வேண்டும்! சுண்டெலி ஓடிப்போய் ஒரு கிண்ணத்தை எடுத்தாள். முகத்தை அதற்குள் கவிழ்த்து, "உவ்வே... உவ்வே..." என்று முதுகு குலுங்க ஓங்கரித்தாள். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு மெத்தையில் சாய்ந்தாள்.

"ஐயோ, பிள்ளைக்கும் வந்துடுச்சே! தம்பி, ஆட்டோ கூப்பிடுடா!"

"அண்ணி, அது விளையாட்டு. நான் பண்றதைப் பார்த்து..."

"போதும்மா. வாந்தி எடுக்கிற பிள்ளையை விளையாடுதுன்னு சொல்ற தாயை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்."

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நாத்தனார் வாசல் தாண்டினாள். தையல்காரி சுவரைப் பிடித்து எழுந்தாள். கண் இருண்டது. ஆனாலும் ஆட்டோ வரை நடந்தாள்.

"அவ இல்லாம நானும் இல்ல, நான் இல்லாம அவளும் இல்ல. நகருங்க, உக்காரணும்."

ஆட்டோ குலுங்கிய குலுக்கலில் பிளாஸ்டிக் பைக்குள் முகத்தைப் புதைத்தபடியே போனாள். ஒரு கை மட்டும் மகளின் பாதத்தை விடவில்லை.

டாக்டரம்மா பிள்ளையின் வயிற்றை அமுக்கினார், நாக்கைப் பார்த்தார், கன்னத்தைக் கிள்ளினார்.

"இவளுக்கு ஒரு குறையும் இல்ல. நல்லா கொழுக்கு மொழுக்குன்னு இருக்கா."

"வாந்தி எடுத்தாளே டாக்டர்!"

சுண்டெலி மேஜை மேல் இருந்த டிரேயை இழுத்து, டாக்டருக்கும் ஒரு "உவ்வே" செய்து காட்டினாள். முடித்துவிட்டுப் பாராட்டுக்காகச் சுற்றிப் பார்த்தாள்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. நாற்காலியில் ஒடுங்கிக் கிடந்த தாயைப் பார்த்தார். அவள் கைத்தோலைக் கிள்ளினார். கிள்ளிய இடம் மடிந்தபடியே நின்றது.

"எப்போ கடைசியா ஒண்ணுக்குப் போன?"

தையல்காரிக்கு ஞாபகம் இல்லை.

"இது சாதாரண மசக்கை இல்லம்மா. உடம்புல தண்ணியே இல்ல. ஏன் முன்னாடியே வரல?"

"எல்லாருக்கும் வர்றதுதானேன்னு சொன்னாங்க."

யார் சொன்னார்கள் என்று அவள் சொல்லவில்லை. நாத்தனார் மின்விசிறியைப் பார்த்தாள்.

"உடனே சேரணும். டிரிப்ஸ் ஏத்தணும்."

"அதான் சொல்றேன்," நாத்தனார் பிள்ளையை மார்போடு சேர்த்துக்கொண்டாள். "நீ சேர்ந்துக்கோ. நான் இப்படியே பஸ் ஏறிடுறேன். ஏண்டா தம்பி, வாயில என்ன கொழுக்கட்டையா? சொல்லேன்."

மெக்கானிக் தரையைப் பார்த்தான். "அக்கா சொல்றதும் சரிதானே..."

ஒரு பெண்ணின் உலகம் அந்த ஒரு வார்த்தையில் இடிந்து விழப் பார்த்தது. ஆனால் அவள் இடிந்து விழவில்லை.

"டாக்டர், பகல்ல வந்து ஏத்திக்கிட்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போனா ஆகாதா?"

"மாத்திரை வயித்துல நின்னா ஆகும். நிக்கலைன்னா சேர்ந்துதான் ஆகணும். வீட்ல கூடவே ஓர் ஆள் வேணும். அது முக்கியம்."

தையல்காரி நாத்தனார் பக்கம் திரும்பினாள்.

"அண்ணி, பிள்ளையை அங்க கொண்டு போய்ப் பார்க்கிறதுக்குப் பதிலா, நீங்க இங்க இருந்து பாருங்க."

"என் வீட்டை யார் பார்ப்பா?"

"மீசை முளைச்ச ரெண்டு தடிப் பசங்க இருக்கானுங்க, அவனுங்க அப்பா இருக்காரு. சோறு வடிக்கக் கத்துக்கட்டும்."

"நல்லா இருக்கே! நானும் ரெண்டு பெத்தவதான். எனக்கும் இதே வாந்திதான். ஒரு நாள் படுத்திருப்பேனா?"

"படுக்கலையா அண்ணி? உங்களை யாரும் படுக்க விடலையா?"

நாத்தனாரின் முகத்தில் ஏதோ ஒன்று மெல்ல உடைந்தது. எத்தனை வருஷங்களுக்கு முன் எந்த அடுப்படியில் அழுத கண்ணீரோ, இன்றுதான் வெளியே வர வழி கண்டுபிடித்தது. முந்தானையால் அதை அழுத்தித் துடைத்தாள்.

"என் மாமியார் ஒரு பாத்திரத்தைக் கையில குடுத்து, இதுல வாந்தியெடு, எடுத்துட்டு அதை நீயே கழுவுன்னாங்க," என்றாள் மெதுவாக. பிறகு வழக்கமான குரலில், "என்ன வாய் பாரு இவளுக்கு! தண்ணி வத்தினாலும் வாய் வத்தல. நாலு நாள் இருக்கேன். அதுக்கு மேல கேக்காதே," என்று பிள்ளையைத் தாயின் மடியில் இறக்கினாள்.

டிரிப்ஸ் ஏற்றும் வார்டு வாசலில் நர்ஸ் மறித்தாள். "குழந்தை உள்ள வரக்கூடாது. போர்டைப் பாருங்க."

தையல்காரி ஊசிக்காக நீட்ட வேண்டிய கையை மடக்கிக்கொண்டாள். அவள் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் வெடித்தது.

"ஏம்மா, போர்டு நல்லாத்தான் இருக்கு. எழுதினவங்க பிள்ளை பெத்தவங்களா, கேட்டுச் சொல்லு. நான் வச்சிருக்கேன் பிள்ளையை, ஒரு சத்தம் வராது. அவளைப் பிள்ளைகிட்டேருந்து பிரிச்சா ஊசியையும் குத்த விடமாட்டா, உங்களையும் நிம்மதியா விடமாட்டா. நான் முயற்சி பண்ணிப் பார்த்துட்டுத்தான் சொல்றேன்!"

நர்ஸ் ஒதுங்கினாள்.

மசக்கை குறைந்ததா என்று கேட்கிறீர்களா? இல்லை. அது பிரசவ வலி வரை விடவில்லை. நாத்தனாரின் நாலு நாளும் எங்கே முடிந்தது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அன்று சாயங்காலம் தையல்காரி ஆட்டோ குலுக்கலே வேண்டாம் என்று கையில் பிளாஸ்திரியோடு வீட்டுக்கு நடந்து வந்தாள். நாத்தனார் அவள் தோளைத் தாங்கியிருந்தாள். முன்னால், மெக்கானிக்கின் தோள்மேல் உட்கார்ந்து, சுண்டெலி அவன் காதைத் திருகி வண்டி ஓட்டிக்கொண்டு போனாள்.

"மெதுவா போங்க," என்றாள் தாய். "என் கண்ணு பார்க்கிற தூரத்துலயே போங்க."