எப்போதும் இப்படித்தான்

முனுசாமி மலாக்காவில் இருந்த கையுறைத் தொழிற்சாலையை விட்டுப் போனது 1997இல், தீபாவளிக்கு எட்டு நாள் இருந்த ஒரு புதன்கிழமை. திலகவதி சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தை அல்ல, கால்களை. காவல்காரரைத் தாண்டும்வரை நேராக நடந்தவர், சாலைக்கு வந்ததும் வீட்டுக்குப் போகும் பாச்சாங் பஸ் எந்தப் பக்கம் நிற்கும் என்பதே மறந்தவர்போல இந்தப் பக்கம் ஓரடி, அந்தப் பக்கம் ஓரடி வைத்துப் பார்த்தார்.

ஆட்களைக் காலிலிருந்து பார்ப்பது அவள் பழக்கம். "வாய கேக்காதீங்க லா, கால பாருங்க" என்பாள். மேனேஜர் அறைக்கு வெளியே அவள் மேசை. லீவு கேட்க வருகிறவர்கள் முதலில் அவளிடம்தான் நிற்பார்கள். கண்ணாடிக் கதவு வழியே ஒரு பார்வை பார்ப்பாள். "பேனாவ மூடிட்டாரு. போங்க, கெடைக்கும்." அல்லது, "நாற்காலிய பின்னால தள்ளிட்டாரு. யாரு செத்தாலும் லீவு இல்ல. மத்தியானம் அவரு மக்கான் சாப்பிட்டு முடிஞ்சி வாங்க." பக்கத்து மேசை சுசீலா சிரிப்பாள்: "லாட்டரில விழப்போற நாலு நம்பரும் சொல்லிடுவீங்க போல அக்கா!"

முனுசாமி புலாவ் செபாங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர். தோட்டம் கைமாறியபின் டவுனுக்கு வந்தார். அவர் பார்த்துக்கொண்ட மெஷின் ஒரு மணி நேரம் நின்றுபோனதற்கு விசாரணை. விசாரித்தவர் புதிதாக வந்திருந்த ஜெர்மன் மேனேஜர். மொழிபெயர்க்கத் திலகவதி.

"வேல போயிருமா தங்கச்சி?"

"வார்னிங் லெட்டரோட முடிஞ்சிரும் அண்ணே. அவரு மொகம் நல்லாத்தான் இருக்கு."

உள்ளே போனதும் முனுசாமி, தோட்டத்தில் துரைக்கு முன்னால் பணிவாக நின்று பழகியபடி, மார்பின் குறுக்கே கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். மேனேஜர் அந்தக் கைகளையே கொஞ்ச நேரம் பார்த்தார். உதட்டோரம் லேசாக விரிந்தது. மரியாதை அவருக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்தாள் திலகவதி.

"இவர் எப்போதும் இப்படித்தானா?" ஆங்கிலத்தில் கேட்டார்.

அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. "எப்போதும் இப்படித்தான் சார்" என்றாள், சிரித்தபடி.

மறுநாள் டைப் அடிக்க வந்த கடிதத்தில் இருந்தது: விசாரணையின்போதும் கைகளைக் கட்டிக்கொண்டு ஆணவமாக நின்றார்; அதுவே அவர் வழக்கம் என்று அலுவலக ஊழியரும் உறுதிசெய்தார்; ஆகவே பணிநீக்கம்.

எழுந்து போனாள். கதவுப் பிடியில் கை வைத்தாள். மேனேஜர் தோளைத் திருப்பிப் போனில் பேசிக்கொண்டிருந்தார். ஒரு கால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது. இப்போது சொன்னால் எடுபடாது என்றது அந்தக் கால். திரும்பி வந்து உட்கார்ந்து, கடிதத்தை ஒரு பிழையில்லாமல் அடித்தாள். முனுசாமி அதை வாங்கிக்கொண்டு போனபிறகும், அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும், அந்தக் கால் அதையேதான் சொன்னது.

அதன்பின் லீவு கேட்க வந்தவர்களிடம், "நீங்களே உள்ள போய்க் கேளுங்க லா" என்றாள், தலை நிமிராமல்.

இரண்டு வருடம் கழித்துத் தபாலில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. பின்பக்கம் பென்சிலில் எழுதியிருந்தது:

"தங்கச்சிக்கு. நான் இப்ப கோழிப்பண்ணையில காவலுக்கு இருக்கேன். மகளுக்கு தை மாசம் கல்யாணம். அன்னிக்கு அந்த ரூம்புல எனக்காக ஒரு வார்த்த பேசுனது நீங்க மட்டுந்தான். எனக்கு இங்கிலீஸ் தெரியாது. ஆனா உங்க மொகத்தப் பாத்தே தெரிஞ்சிக்கிட்டேன். கண்டிப்பா வரணும். முனுசாமி."

"நல்ல சேதியா அக்கா?" என்றாள் சுசீலா.

திலகவதி தலையை ஆட்டினாள்.