வியர்க்காத குதிரை

இன்று காலை பாலாவிச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபோது, எனக்கு முன்னால் நின்றவரின் சட்டை முதுகில் வியர்வை காய்ந்து உப்பு வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. மற்றவர்களுக்கு அது அழுக்கு. எனக்கு ராணியின் ஞாபகம் வந்துவிட்டது.

ராணி ஒரு குதிரை. கற்பிட்டிப் பக்கம் கடற்கரை விடுதி ஒன்றில் நான் வரவேற்பு மேசையில் இருந்த காலம். வெள்ளைக்காரர்களை ஏற்றி மணலில் சுற்றிக்காட்டவென்று, கொழும்பிலிருந்த முதலாளி அதை நுவரெலியாக் குளிரிலிருந்து லொறியில் கொண்டுவந்து இறக்கினார். தெருவில் கழுதைகளை மட்டுமே பார்த்து வளர்ந்த என் தலையில் குதிரைப் பொறுப்பும் விழுந்தது. சைக்கிளையே நேராக ஓட்டத் தெரியாதவன் நான், சிரிக்காதீர்கள்.

பராமரித்தவர் நசீர் நானா. தொண்ணூறில் முஸ்லிம்கள் விரட்டப்பட்டபோது மன்னாரிலிருந்து உடுத்த துணியோடு வந்து, கரைத்தீவில் குடியேறி, பல வருடம் உப்பளத்தில் வேலை செய்தவர்.

மிருக வைத்தியர் சொல்லிவிட்டுத்தான் போனார். "அவசரப்படாதீங்க. விடியக்காலையில மட்டும் நடத்துங்க, நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டுங்க. இந்த ஈரக் காத்துல வேர்வை காயாது. தண்ணிய ஊத்தி, வழிச்சு விட்டு, திரும்ப ஊத்துங்க."

அப்படியே செய்தோம். சுபஹு தொழுதுவிட்டு வந்து நானா அதை நடத்துவார், நான் வாளியோடு பின்னால் போவேன். முதல் நாட்களில் ராணி தொப்பலாக நனைந்து, காய்ந்தபின் விலாவெல்லாம் உப்புப் பூத்து நிற்கும். அது தண்ணீர் உறிஞ்சும் சத்தம் எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

பிறகு வியர்வை குறைந்தது. ஒரு நாள் ஓடிவிட்டு வந்தும் உடம்பு காய்ந்தே இருந்தது. நானா கழுத்தைத் தடவிப் பார்த்தார்.

"பாத்தீங்களா தம்பி, ஒரு சொட்டு இல்ல. பழகிட்டு."

உப்பளத்தில் புது ஆட்களை அப்படித்தான் பார்ப்பார்களாம். முதல் கிழமை குளித்தவன் போல நிற்பவன், வியர்வை குறைந்ததும் வேலைக்குப் பழகிவிட்டான் என்று கணக்கு. நானும் நம்பினேன். "ஓம் சேர், குதிர ரெடி" என்று முதலாளிக்கு போனில் சொன்னவன் நான்தான்.

மறுநாள் பின்னேரம், காற்றே இல்லாத புழுக்கத்தில் ஆட்களை ஏற்றினோம். மூன்றாம் சுற்றில் ராணி நின்றுவிட்டது. மூக்கு விரிய மூச்சிரைத்தது. உடம்பு அடுப்பாகச் சுட்டது, ஆனால் ஈரமில்லை. வாளி வாளியாக ஊற்றினோம். போனில் வைத்தியர் கத்தினார். "வேர்க்கிறது நிண்டா பழகினதில்ல! அதுக்கு இனி ஏலாது எண்டு அர்த்தம்!"

அவர் வந்து சேருமுன் ராணி மணலில் சரிந்து செத்துப்போனது. என் வாய்தான் அதைக் கொன்றது என்று இன்றும் நினைக்கிறேன்.

ராணியின் கொட்டில் இருந்த இடத்தில் இப்போது நீச்சல் தடாகம். விடுதி கைமாறிப் பெயரும் மாறிவிட்டது. நசீர் நானா போன வருடம் மௌத்தாகிவிட்டார். ராணியைப் புதைத்துவிட்டு, மண்வெட்டியைக் கீழே போட்டபடி அவர் சொன்னது இப்போது எனக்கு மட்டும்தான் தெரியும்.

"இங்க வந்த புதுசில ஊர நினச்சு அழுதுக்கிட்டே இருப்பன் தம்பி. சனம் பயந்திச்சு. பொறகு அழுக நிண்டிட்டு. எல்லாரும் சந்தோசப்பட்டாங்க, நசீர் பழகிட்டான் எண்டு."