அக்காவை வக்கீலாக்கிய சொல்

இந்த நினைவு மலரைப் பிரித்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அக்கா மறைந்து ஓராண்டாகிறது. கனத்த மனத்தோடுதான் எழுத உட்கார்ந்தேன். அவர் வக்கீலான கதையை நினைத்ததும் உற்சாகம் தொற்றிக்கொண்டது.

ஈப்போவை அடுத்த செமோர் அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில், பாலெடுக்கப் பால்மரம் வெட்டியவர்களின் மூத்த மகளாய்ப் பிறந்தார் அக்கா. அப்பா நோயில் விழுந்ததால் பள்ளி இறுதியான ஐந்தாம் படிவத்தோடு படிப்பை விட்டு, கமுந்திங் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார்.

அவருக்கு முப்பது வயதானபோது, பக்கத்து வீட்டு மேரி அத்தையின் கணவர் இறந்தார். தோட்ட வீட்டை உடனே காலிசெய்யச் சொன்னது நிர்வாகம். அத்தைக்கு மலாய் சரியாக வராது. அக்கா விடுப்பெடுத்து அவரைத் தொழிலாளர் இலாகாவுக்கு அழைத்துப் போனார், நானும் போனேன். மலாய் விண்ணப்பப் பாரத்தில் ‘வாக்கில்’, அதாவது சார்பாகப் பேசுபவர், என்றிருந்த இடத்தில் தம் பெயரை எழுதினார்.

நிர்வாகத்தின் சார்பில் வந்திருந்த கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், சிரித்தார். “நீ எப்பம்மா வக்கீல் ஆன?”

மலாய் அதிகாரியின் காதில் விழுந்தது வக்கீல் என்ற அந்த ஒரு சொல்தான். அந்த அம்மையார் பாரத்தைத் தட்டிக்காட்டி, “பெத்துல்லா, டியா வாக்கில்,” என்றார். ஆமாம், இவர்தான் அந்த அம்மாவுக்காகப் பேசுபவர் என்று அர்த்தம். மாற்று வீடு கிடைக்கும்வரை அத்தை அங்கேயே இருக்கலாம் என்று அன்றே முடிவானது.

பஸ்ஸில் அக்காவால் உட்கார முடியவில்லை. “தம்பி, வாக்கில், வக்கீல், ரெண்டும் ஒரே வார்த்தைடா!”

நேரே ஈப்போ நூலகத்துக்கு இழுத்துப் போனார். அகராதியில் இருந்தது: இரண்டுக்கும் மூலம் அரபு. ஒருவர் நம்பி ஒப்படைத்த காரியத்தை அவருக்காக நின்று செய்பவர் என்று பொருள்.

“வழக்க அறிஞ்சவங்க வழக்கறிஞர். வக்கீலுக்கு மலாய்ல பெகுவாம், அது குவாம்ல இருந்து வருது. குவாம்னா வழக்கு, தகராறு. ரெண்டுலயும் வழக்குதான் இருக்கு. வக்கீல்லதான்டா நம்பி வந்த ஆளு இருக்காங்க. நான் படிக்கப் போறேன்லா!”

வேலை செய்துகொண்டே சட்டம் படித்தார். தேர்வில் இருமுறை தோற்றார். நீதிமன்றத்தில் வக்கீலாக ஏற்கப்பட்ட நாளில் அப்பா எழுந்து கைதட்ட, காவலர் ஓடி வந்து உட்கார வைத்தார். அக்கா திரும்பிப் பார்த்து, அழுதுகொண்டே சிரித்தார்.

புற்றுநோய் கண்டபோதும் மருத்துவமனைக் கட்டிலில் கோப்புகள் கிடந்தன.

இரவுபகல் பாராமல் கவனித்த தாதியருக்கும், தோள்கொடுத்து வழியனுப்பிய அனைவருக்கும் எங்கள் குடும்பம் தலைவணங்குகிறது. அக்கா முடிக்காமல் விட்ட வழக்குகளை அவருடைய வக்கீல் தோழிகள், நாங்கள் கேட்காமலே, ஏற்றுக்கொண்டார்கள். போன வாரம் அவற்றில் ஒன்று வென்றது. சிம்பாங் பூலாயில் ஒரு குடும்பம் தன் வீட்டிலேயே இருக்கிறது.