இரண்டு பேர் வேண்டிய சூப்பு

என் கணவர் அஜக்ஸில் மகன் வீட்டில் இருக்கிறார். நான் காரில் அரை மணித்தியாலம் தள்ளி வெக்ஸ்போர்ட்டில் மகள் வீட்டில் இருக்கிறேன். எங்களுக்குள் ஒரு கோபதாபமும் இல்லை. இரண்டு வீட்டிலும் சின்னப் பிள்ளைகள், இரண்டு வீட்டிலும் தாயும் தகப்பனும் வேலை. அதனால் அங்கே ஒருவர் இங்கே ஒருவர் என்று ஆகிவிட்டது. கொஞ்ச நாளைக்கு என்றுதான் சொன்னார்கள். பிறகு நாங்கள் இருந்த அப்பாட்மென்டையும் விட்டாயிற்று.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகன் அவரைக் கூட்டிவருவான். பின்னேரம் திரும்பக் கூட்டிப்போவான். அந்த நேரத்திலும் சுற்றிவர ஆட்கள். "பிரஷர் குளிசை போட்டனீரோ?" என்று அவர் கேட்க, "ஓம், நீங்கள்?" என்று நான் கேட்க, எங்கள் கதை முடிந்துவிடும். இந்த வயதில் புருஷனோடு ஒரு வீட்டில் இருக்க ஆசையாக இருக்கிறது என்று பிள்ளைகளிடம் எந்த வாயால் சொல்வது? நான் கடையில் சில்லறை குறைந்தால்கூடக் கேட்காமல் வருகிறவள்.

அவர் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் டான்ஃபோர்த் தெருவில் ஒரு கிரேக்கச் சாப்பாட்டுக் கடைக்குக் கோப்பை கழுவப் போனார். பிறகு அங்கேயே சமையலுக்கு ஏறி, வேலையை விடும்வரை இருந்தார். திங்கட்கிழமை கடை பூட்டு. அன்றைக்கு எங்கள் வீட்டில் அவருடைய சமையல். கத்தரிக்காயும் கொத்திறைச்சியும் அடுக்கி மேலே வெள்ளையாகப் பால் களி ஊற்றிச் சுட்டெடுப்பார். கீரையும் ஆட்டுப்பால் சீஸும் வைத்துத் தாள்மாதிரி மாவில் மடிப்பார். முந்திரிகை இலையில், அதுதான் திராட்சை இலையில், சோறு வைத்துச் சுருட்டுவார். விருந்துக்கு வந்த ஊர்க்காரர் ஒருவர் அதைத் தூக்கிப் பார்த்து, "அண்ணை, உந்த இலையை உரிச்சுப்போட்டுத் தின்னுறதோ, உடுப்போடயே தின்னுறதோ?" என்று கேட்டது இன்றைக்கும் சிரிப்பு.

இதெல்லாம் பார்த்துப் பார்த்து நானும் செய்யப் பழகிவிட்டேன். ஒன்றைத் தவிர. முட்டையும் தேசிக்காய் என்கிற எலுமிச்சம்பழப் புளியும் விட்ட கோழிச் சூப்பு. அதன் கிரேக்கப் பெயர் அவ்கோலெமோனோ என்பார். அதை மட்டும் நாங்கள் எப்போதும் இரண்டு பேராகத்தான் செய்தோம். முட்டையையும் புளியையும் நான் கோப்பையில் நுரைக்க அடிப்பேன். அவர் கொதிசூப்பை அகப்பையால் நூல்மாதிரி அதற்குள் விடுவார். பிறகு அடுப்பை நிறுத்தி, கோப்பையில் உள்ளதைப் பானைக்குள் மெல்லச் சேர்ப்போம். அவசரப்பட்டால் முட்டை திரைந்து, சூப்பு முழுக்கத் துண்டுதுண்டாய்ப் போய்விடும்.

அது திரையாமல் இருக்க, ஊற்றும்போது வாயால் முத்தம் கொடுக்கிற மாதிரிச் சத்தம் போடவேண்டுமாம். கிரேக்க ஆட்கள் வீட்டில் அப்படித்தானாம். கடைக்காரக் கிழவி அவருக்குச் சொன்னது. அவர் ப்ச், ப்ச் என்று போடுவார், என் முகத்தைப் பார்த்துக்கொண்டு. "நீரும் போடும்" என்பார். "பிள்ளையள் நிக்குதுகள்" என்று நான் தலையைக் குனிந்துகொண்டு முட்டையை அடிப்பேன். ஒருநாளும் நான் அந்தச் சத்தத்தைப் போட்டதில்லை.

போன மாரிக் குளிரில் மகள் தன் வேலையிடத்துத் தமிழ்ப் பிள்ளைகளைச் சனிக்கிழமை சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தாள். "அப்பான்ர கிரேக்கச் சாப்பாடு" என்று பெருமையாகச் சொல்லியும் வைத்துவிட்டாள். அவர் காலையிலேயே வந்து சமைப்பதாக ஏற்பாடு. எனக்கு முதல் நாளே கால் நிலத்தில் நிற்கவில்லை. நல்ல சாரியை மடித்துக் கட்டிலில் எடுத்து வைத்தேன். விடிய மகன் போன் எடுத்தான். அவனுடைய சின்னவனுக்குக் காய்ச்சல், அவனும் மருமகளும் வேலைக்குப் போகவேண்டும், அப்பா பிள்ளையோடு நிற்கட்டும் என்றான். "அதுக்கென்ன, பிள்ளையைப் பாக்கட்டும்" என்றேன். சாரியைத் திரும்ப அலுமாரிக்குள் வைத்தேன்.

மற்றதெல்லாம் செய்தேன். சூப்பில்தான் பிழை விட்டேன். ஒரு கையால் அடிக்க, மறுகையால் விட, கோப்பை மேசையில் சுற்றியது. பாதியிலேயே திரைந்துவிட்டது. நல்லகாலம், கோழித் தண்ணீரில் பாதியை எடுத்து வைத்திருந்தேன்.

அதற்குள் விருந்தாட்கள் வந்துவிட்டார்கள். "அன்ரி, அங்கிள் எங்க?" என்று ஒரு பெடியன் கேட்டான். அஜக்ஸில் என்று மகள் சொன்னாள். "அப்ப ரெண்டு பேரும் செப்பரேட்டட் எண்டு சொல்லுங்கோ!" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுக் குசினிக்குள் வந்து அவருக்குப் போன் எடுத்தேன்.

"இஞ்சாருங்கோ, சூப்பு திரைஞ்சு போச்சு."

"அடுப்பை நிப்பாட்டினீரோ?"

"ஓம். கோப்பைதான் சுத்துது. பிடிக்க ஆளில்லை."

அவர் "சத்தம் போட்டனீரோ?" என்றார்.

"உங்களுக்கென்ன விசரே? வெளியில ஆக்கள் இருக்கினம்."

"அப்ப திரையத்தானே செய்யும். போனை ஸ்பீக்கரில போட்டு அடுப்படியில வையும். நான் போடுறன்."

வைத்தேன். புதிதாக முட்டையை உடைத்து அடிக்கத் தொடங்கினேன். ப்ச், ப்ச் என்று அஜக்ஸிலிருந்து சத்தம் வந்தது. அந்த நேரம் பார்த்து மகள் உள்ளே வந்தாள்.

"என்னம்மா, போனுக்குள்ள குருவி கத்துது?"

அவருக்கு அவள் வந்தது தெரியாது. "இஞ்சேரும், இப்ப முகம் சிவந்திருக்குமே?" என்றார் போனில்.

எனக்கு நிலம் பிளந்தால் நல்லது போல் இருந்தது. மகள் அகப்பையைக் கையில் எடுத்தாள். "நீங்கள் அடியுங்கோ, நான் விடுறன்" என்று மெல்லச் சொன்னாள். கோப்பை முடியும்வரை அவர் சத்தத்தை நிறுத்தவில்லை. சூப்பு மஞ்சளாய், வழுவழுவென்று வந்தது. அந்தப் பெடியன் இரண்டு தரம் வாங்கிக் குடித்தான்.

எல்லோரும் போனபிறகு மகள் பாத்திரம் கழுவினாள், நான் துடைத்தேன். "அப்பா எப்பவும் உப்பிடித்தானோ அம்மா?" என்று சிரித்தாள். பைப்பில் தண்ணீர் பலமாக ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் இருந்த தைரியத்தில் சொன்னேன்.

"எனக்கு அப்பாவோட இருக்கவேணும் பிள்ளை."

அவள் பைப்பை நிறுத்தினாள். "என்ன சொன்னனீங்கள்?"

வீடு அமைதியாகிவிட்டது. இரண்டாம் தரம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை. "அண்ணா வீட்டுப் பிள்ளையளை ஆர்..." என்று தொடங்கி நிறுத்தினாள். கைகளைத் துடைத்தாள். "பேஸ்மென்டில சாமானுகளை எடுத்தா ஒரு பெரிய கட்டில் போடலாம். அண்ணாவோட கதைக்கிறன்."

கதைத்தாள். சின்னவன் பள்ளிக்கூடம் தொடங்கட்டும், பிறகு பார்ப்போம் என்று மகன் சொல்லியிருக்கிறான். அது எப்போது என்று நான் கேட்கவில்லை. பேஸ்மென்டில் பெட்டிகள் பாதி எடுத்தபடி கிடக்கின்றன. போன ஞாயிறு அவரைக் கீழே கூட்டிப்போய்க் காட்டினேன். "சன்னல் சின்னன்" என்றார். பிறகு கட்டில் வரப்போகிற இடத்தில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

பின்னேரம் காரில் ஏறியவர் கண்ணாடியை இறக்கி, மகன் பக்கத்தில் இருக்க, என்னைப் பார்த்து ப்ச் என்றார்.

"என்னப்பா?" என்றான் மகன்.

"சூப்புக்கு" என்றார்.

நான் வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டேன். கார் தெருமுனையில் திரும்பி மறைந்த பிறகுதான் என் வாய் அந்தச் சத்தத்தைப் போட்டது. கேட்க அவர் இருக்கவில்லை.