சட்டிக்குள் இருந்த கனல்

நெடுங்கேணிக்கு அப்பால் ஒரு அக்காவின் கோழிக்கொட்டிலில் கூலிக்கு நின்றேன். எந்த ஊரிலும் நிலைத்து நிற்காதவன் நான். அந்த மாரியில் பாலத்துக்கு மேலால் வெள்ளம் பாய்ந்து, போக வழியில்லாமல் போயிற்று. அக்கா போன முறை வளர்த்த குஞ்சுகள் முழுக்கச் செத்துப்போயின. இந்த முறையும் செத்தால் கொட்டிலைப் பிரித்துவிடுவதாகச் சொல்லியிருந்தார்.

வெள்ளம் பாலத்தை மூடுவதற்கு முன்பு அக்கா பழைய குண்டு பல்புகளைக் கழற்றிவிட்டுப் புது எல்.இ.டி. பல்புகளை மாட்டினார். கொட்டில் பளிச்சென்றிருந்தது. குஞ்சுகளோ ஒன்றின்மேல் ஒன்று ஏறி மூலையில் குவிந்தன. அடியில் கிடந்தவை நசுங்கிச் செத்தன.

"அக்கா, பல்பில கைய வைச்சுப் பாருங்கோ."

வைத்துப் பார்த்தார். "சுடேல்லையே."

"குஞ்சுக்கு வெளிச்சம் என்னத்துக்கு? அது படிக்கப் போகுதே?"

"நீயும்தான் படிக்கேல்ல. பழசையெல்லாம் எறிஞ்சிட்டன், இப்ப என்ன செய்யிறது?"

தேங்காய்ச் சிரட்டைகளை எரித்து, தணலை மண்சட்டிகளில் அள்ளி, கம்பிவலையால் மூடி, தரையில் பரப்பியிருந்த உமியை விலக்கிச் செங்கல்லின் மேல் வைத்தேன். பல்பை நிறுத்தினேன். மழை இருட்டில் சட்டி மங்கலாகச் சிவந்தது. குஞ்சுகள் மூலையை விட்டு மெல்ல அதை நோக்கி வந்தன.

கனல் என்ற சொல்லை ஆறாம் ஆண்டில் பாடமாக்கியிருப்பேன். அதோடு பள்ளிக்கூடம் நின்றது. சூடு அடங்கி இருக்க முடியாத அளவுக்கு ஏறும்போது வெளிச்சமாக வெளியே தெரிகிறது என்பது அந்தச் சட்டியைப் பார்த்தபோதுதான் விளங்கியது.

ஆனால் அதை விட்டு நகர முடியவில்லை. ஒரு பொறி தெறித்தால் உமி பற்றிவிடும். தணல் சாம்பல் பூத்தால் குஞ்சுகள் திரும்பவும் குவியும். விசிறவேண்டும், சிரட்டை போடவேண்டும், புகை போகப் கொட்டிலின் பக்கவாட்டுப் படங்குச் சீலையைத் தூக்கிக் கட்டவேண்டும். கண் எரிந்தது. குஞ்சுகள் விலகிப் போகாமல் நான் சுற்றி நிறுத்திய தகரவளையத்துக்குள் முழங்காலை மடக்கிக்கொண்டு கிடந்தேன். கதவு நாலு எட்டுத் தூரத்தில் இருந்தும் மழையைக் கூடப் பார்க்கக் கிடைக்கவில்லை.

மழை விட்ட பகலில் அக்கா வந்து எட்டிப் பார்த்தார். குஞ்சுகள் குவியாமல் உமி முழுக்கப் பரவிப் படுத்திருந்தன. சில என் பாதத்தின் மேலேயே தூங்கின.

"உயிரோட கிடக்குதுகள்," என்றார் மெல்ல. "வெளியால வாவன், சோறு போட்டிருக்கிறன்."

"கால எங்க வைக்கிறது?"

வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்தார். சோற்றுக் கோப்பையைத் தகரத்துக்கு மேலால் நீட்டினார்.