முகத்தில் வெளிநாடு இல்லை

வெளிநாட்டு மாணவியாக இருப்பது முழுநேர வேலை. படிப்பு, அதற்கு நடுவே கிடைக்கும் ஓய்வு நேரத்தில்தான். அதிலும் நான் மலேசியாவில், தைப்பிங்கில் பிறந்த தமிழ்ப் பெண். தர்மபுரிக்கு நர்சிங் படிக்கக் கிளம்பியபோது, அதுவும் நம்ம ஊர்தான் என்று அப்பா சொல்லி அனுப்பினார். என் அறைத்தோழி நீமா தான்சானியாவிலிருந்து வந்தவள். அவளிடம் யாரும் அப்படிச் சொல்லி அனுப்பவில்லை, அதனால் அவள் பிழைத்துக்கொண்டாள். ஊர்விட்டு ஊர் போய்ப் படித்தவர்களே, என் கஷ்டம் உங்களுக்குப் புரியும்.

வாடகை வீடு

வெளிநாட்டுப் பெண்கள் இரண்டு பேர் வாடகைக்கு வருகிறார்கள் என்று புரோக்கர் சொல்லி வைத்திருந்தார். வீட்டுக்கார சரோஜா அக்கா அதை நம்பி, குளியலறையில் வெஸ்டர்ன் டாய்லெட் வைத்து, ரொட்டியும் ஜாமும் வாங்கி வைத்துக் காத்திருந்தார். ஆட்டோவிலிருந்து நீமா இறங்கியதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு நானும் போய் நின்றேன். அக்கா என்னைத் தாண்டித் தெருவை எட்டிப் பார்த்தார்.

"இன்னொரு பொண்ணு பின்னாடி பஸ்ல வருதுங்களா?"

டீக்கடைப் பரீட்சை

நீமா ஒரு வாரம் கண்ணாடி முன்னால் நின்று பழகிய வாக்கியத்தைக் கல்லூரி எதிரே இருக்கும் டீக்கடையில் சொன்னாள்: "அண்ணா, ஒரு டீங்க. சக்கரை கம்மிங்க." கடையே திரும்பிப் பார்த்தது. ஒருவர் கை தட்டினார். கடைக்காரர் அவளுக்குச் சூடாக இரண்டு பஜ்ஜி எடுத்து வைத்தார்.

எனக்குப் பொறாமை. கடைக்காரரிடம், அண்ணன் பசியாறிவிட்டாரா என்று அன்போடு விசாரித்தேன். காலை உணவு ஆயிற்றா என்று எங்கள் ஊரில் அப்படித்தான் கேட்போம். ஏதோ பட்டினி கிடந்த மனிதனைக் கேட்பதுபோல் கேட்கிறேனே என்று அவர் விழித்தார். பிறகு இரக்கத்தோடு சொன்னார்.

"அந்தப் புள்ளையே இவ்ளோ நல்லாப் பேசுது. நீயும் கொஞ்சம் கத்துக்கலாமில்ல, பாப்பா?"

பதிவு

வெளிநாட்டு மாணவர்கள் பெயரைப் பதிய ஓர் அலுவலகத்துக்குப் போனோம். நீமாவுக்கு நாற்காலி கிடைத்தது. நான் பாஸ்போர்ட்டை நீட்டினேன். அங்கிருந்த ஊழியர் அதை வாங்கி, படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அட்டை வெளிநாடுதான். ஆளு அரூர் பஸ் ஸ்டாண்டுல பாத்த மாதிரி இருக்குதே."

வத்தல்மலை

மூன்றாம் வருடம் கிராம சுகாதாரப் பயிற்சிக்கு எங்களை வத்தல்மலைக்கு அனுப்பினார்கள். அங்கே மாதேஸ்வரி என்று நிறைமாதக் கர்ப்பிணி. கால் வீங்கியிருந்தது, ரத்த அழுத்தம் ஏறியிருந்தது. உடனே கீழே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்று எங்கள் ஆசிரியை எவ்வளவோ சொல்லியும் அவள் அசையவில்லை. கணவன் பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தான். அம்மா இல்லை. கீழே தனக்கு யாரையும் தெரியாது என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

நீமா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "எனக்கும் இங்க யாரையும் தெரியாதுங்க. பயமாதான் இருக்கும். வாங்க, போலாம்" என்றாள். மாதேஸ்வரி என்னைப் பார்த்தாள். எனக்கும் அப்படித்தான் என்றேன். தைப்பிங்கை விட்டு வந்த பிறகு, அதை நான் வாய்விட்டுச் சொன்னது அன்றுதான். அவள் எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

ஆம்புலன்ஸ் மலைப்பாதையின் வளைவுகளில் இறங்கும்போதெல்லாம் எங்கள் இருவர் கையையும் அவள் விடவில்லை. படித்த பாடம் ஒன்றும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. பொழுது சாய்வதற்குள் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு உயிரும் பிழைத்தன. மறுநாள் கணவன் வந்து சேர்ந்ததும், நாங்கள் விடைபெறப் போனோம். இருவருக்கும் கல்யாணம் ஆகிவிட்டதா என்று மாதேஸ்வரி விசாரித்தாள். இல்லை என்றோம். கொஞ்சம் யோசித்தாள்.

"ஒங்களுக்குப் பிரசவம்னா இங்கியே வந்துடுங்க. கீழ ஆருமில்லைன்னு நெனைக்க வேண்டாம், நா இருக்கறன்."

படிப்பு முடிந்ததும் நாட்டைவிட்டுப் போய்விட வேண்டும் என்பதை விசாவில் தெளிவாகப் போட்டிருக்கிறார்கள். பிரசவத்துக்குத் திரும்பி வர எந்த விசா எடுக்கவேண்டும் என்பதைத்தான் போடவில்லை.