இத்தாலியில் நான்கு இரவுகள், ஒரு செவ்வாய்க்கிழமை

பயணச்சீட்டு விற்கும் தொழிலில், "யோசிச்சுச் சொல்றோம்" என்று எழுந்திருப்பவர்களை வாசல்வரை போய் நன்றாக வழியனுப்பிவிட வேண்டும். அவர்களை மறுபடி பார்க்கப் போவதில்லை. மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து எதையாவது விற்றிருக்கும் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

எங்கள் கடை நியூசிலாந்தில், தெற்கு ஆக்லாந்தின் மனுரேவாவில், ஒரு பேக்கரிக்கும் இங்கே டெய்ரி என்று சொல்லும் ஒரு பெட்டிக்கடைக்கும் நடுவே இருக்கிறது. முதலாளி மேகலா அக்கா மலேசியாக்காரர். நான் சுற்றுலாப் படிப்பு முடித்த கையோடு மூன்று மாதத் தகுதிகாண் வேலைக்குச் சேர்ந்தேன். ஜூன் மாதம், ஆக்லாந்தில் விடாத மழை. அக்கா கடைக் கண்ணாடியில் ஒரு தாளை ஒட்டினார்: "இங்கே குளிர். இத்தாலியில் கோடை. நான்கு இரவுகள்." லண்டனுக்கோ இந்தியாவுக்கோ போகிறவர்கள் அப்படியே இத்தாலியில் ஒரு நகரத்தையும் எட்டிப் பார்த்துவிட்டு வரட்டும் என்பது திட்டம். எனக்கு ஒரு நிபந்தனையும் வைத்தார். மூன்று மாதம் முடிவதற்குள் என் பெயரில் ஓர் இத்தாலிப் பயணமாவது பதிவாக வேண்டும். இல்லாவிட்டால் நான் வேறு வேலை தேடிக்கொள்ள வேண்டும்.

இத்தாலிக்கு நான் போனதில்லை. விமானத்தில் நான் போனதே ஒரே ஒரு முறை, இங்கே படிக்க வந்தபோது. எங்கள் வீட்டில் படிவம் நிரப்பத் தெரிந்த முதல் ஆள் நான். ரேஷன் கார்டு முதல் வங்கிச் சலான் வரை பன்னிரண்டு வயதிலிருந்தே என் கையெழுத்துதான். தப்பாக நிரப்பினால் கேட்க ஆளில்லை என்பதால் எதையும் மூன்று முறை படிக்கும் பழக்கம் வந்துவிட்டது. இந்தப் பழக்கம் இருந்தால் தப்பே வராது என்று அப்போது நம்பினேன்.

பதினான்கு கட்டங்கள்

முதலில் வந்தவர்கள் பக்கத்துத் தகனினியில் புது வீடு வாங்கிய ஓர் இளம் தம்பதி. கணவர் ஐ.டி. துறை. மடிக்கணினியைத் திறந்து என் பக்கம் திருப்பினார். இத்தாலியின் ஒன்பது நகரங்கள் மேலிருந்து கீழாக. வெயில், கூட்டம், சைவ உணவு, ரயில் நிலையத்திலிருந்து நடை தூரம் என்று பதினான்கு கட்டங்கள் இடமிருந்து வலமாக. எல்லாவற்றுக்கும் மதிப்பெண். முதலிடத்தில் புளோரன்ஸ்.

"நீங்க போயிருக்கீங்களா? எப்படி இருக்கும்?" என்றார். போனதில்லை என்று உண்மையைச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஜூலையில் அங்கே நம்ம ஊர்க் கத்திரி மாதிரிக் காயும், மதியம் வெளியே நடப்பது கஷ்டம் என்றும் சொல்லிவைத்தேன். அவர் முகம் வாடியது. வெயில் கட்டத்தில் மதிப்பெண்ணைக் குறைத்தார். புளோரன்ஸ் நான்காம் இடத்துக்கு இறங்கியது. மிலன் மேலே வந்தது. கூட்டத்தைத் திருத்தினார், மிலனும் இறங்கியது. கடைசியில் முதலிடத்துக்கு வந்த ஊரின் பெயரை நாங்கள் மூன்று பேருமே அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை.

அதுவரை பேசாமல் இருந்த மனைவி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "பதினாலு கட்டம் போட்டீங்களே, 'இவளுக்குப் பிடிக்குமா'ன்னு ஒரு கட்டம் போடத் தோணலையா?"

டைல் பெட்டியில் இருந்த ஊர்

அடுத்தவர் சாமி அங்கிள். பிஜியிலிருந்து வந்தவர், தாத்தா காலத்துத் தமிழில் நாலைந்து சொற்கள்தான் மிச்சம். ஆங்கிலத்தில்தான் பேசினார், நான் தமிழில் எழுதுகிறேன். முப்பது ஆண்டுகளாகத் தெற்கு ஆக்லாந்துக் குளியலறைகளில் டைல் ஒட்டும் வேலை. ரோம், வெனிஸ் என்று நான் பரப்பிய படங்களை ஓரமாகத் தள்ளிவிட்டு, சட்டைப் பையிலிருந்து கிழித்த அட்டைத் துண்டு ஒன்றை எடுத்து வைத்தார். டைல் பெட்டியின் ஓரம். அதில் தொழிற்சாலை இருக்கும் ஊரின் பெயர் அச்சாகியிருந்தது. "இந்தப் பேரை ஆயிரம் பெட்டியில பார்த்திருக்கேன். இந்த ஊருக்குத்தான் போகணும். ஆகஸ்ட் பதினைந்தையொட்டி, நாலே நாள்."

வேறு யாராவது என்றால் உடனே பதிவு செய்திருப்பார்கள். நான் ஆகஸ்ட் நடுவில் அந்த நாட்டில் என்ன நடக்கும் என்று தேடிப் பார்த்தேன். நாடே விடுமுறையில் போய்விடுகிறது. தொழிற்சாலைகளெல்லாம் பூட்டிக் கிடக்கும். அங்கிளிடம் சொன்னேன். அட்டைத் துண்டை மெதுவாக எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். "அப்போ அடுத்த வருஷம் பார்ப்போம்." அவரை உற்சாகப்படுத்தலாம் என்று, இருக்கிற நான்கு நாளில் வெனிஸ் பார்க்கலாமே, தண்ணீருக்குள் நிற்கும் ஊர் என்று படத்தைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "இதுக்கு வாட்டர்ப்ரூஃபிங் பண்ணினவன் எங்கே ஓடிப்போனான்?"

கதவருகே, கூட வந்திருந்த அவர் மனைவி என் காதில் சொன்னார். "முப்பது வருஷமா பாத்ரூமுக்குள்ளேயே இருந்த மனுஷன். லீவுக்கும் என்னைப் பாத்ரூம் காட்டத்தான் கூட்டிட்டுப் போகப் பார்த்தார். நீ நல்லா இருக்கணும்!"

யாருக்கு விசா

பக்கத்துக் கிடங்கில் மேற்பார்வையாளராக இருக்கும் செல்வம் அண்ணன் மதிய உணவு நேரத்தில் மனைவியோடு வந்தார். பெயர்களைக்கூட எழுதிவிட்டேன். ரோம், நான்கு இரவுகள், அடுத்த மாதம். பழக்க தோஷத்தில் பாஸ்போர்ட்டுகளைப் பார்க்கலாமா என்று கேட்டேன். அண்ணனுடையது நியூசிலாந்துக் கறுப்பு, அவர் மனைவியுடையது இந்திய நீலம். "அவளுக்கும் இங்க நிரந்தர விசா இருக்கே, அப்புறம் என்ன?" என்றார் அண்ணன். இங்கே குடியிருக்கும் உரிமை இத்தாலிக்குள் விடாது. மனைவிக்குத் தனியாக விசா வேண்டும். நேர்காணல் நாள் எப்போது கிடைக்கிறது என்று பார்த்தேன். அவர்கள் திரும்பி வரவேண்டிய தேதிக்குப் பிறகு கிடைத்தது.

அண்ணன் கொஞ்சம் மிதப்பாகத் தன் பாஸ்போர்ட்டால் மேசையைத் தட்டினார். "அதான் அப்பவே குடியுரிமை வாங்குன்னு சொன்னேன். என்னைப் பாரு, எங்க வேணும்னாலும் போவேன்." அவர் மனைவி நிதானமாக என்னிடம் மதுரைக்கு டிக்கெட் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. பிறகு கணவர் பக்கம் திரும்பினார். "எங்க அம்மா வீட்டுக்குப் போக எனக்கு விசா வேணாம். உங்களுக்குத்தான் வேணும். போய் வரிசையில நில்லுங்க."

அந்தோனியாரின் ஊர்

தகுதிகாண் காலத்தில் ஒரு வாரம்தான் மிச்சம். மேகலா அக்கா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். கோபமெல்லாம் இல்லை, உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார். "அவங்க கேட்காத கேள்விக்கு நீ ஏன் லா பதில் சொல்லிக்கிட்டே இருக்கே?"

அந்த வியாழக்கிழமைதான் ரெஜினா அன்ரி கணவரோடு வந்தார். பாபகூராவில் இருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர். எந்த ஊர் என்று அவர் யோசிக்கவே இல்லை. போன வருடம் அவருடைய பாஸ்போர்ட் வீட்டுக்குள்ளேயே தொலைந்துபோனதாம். தொலைந்த பொருளைத் தேடித் தருபவர் புனித அந்தோனியார் என்பதால் அவருக்கு நேர்ந்துகொண்டாராம். மூன்றாம் நாள் அரிசி வாளிக்குள் கிடைத்ததாம். இப்போது தமக்கை மகளின் கல்யாணத்துக்கு லண்டன் போகிறார். கல்யாணம் சனிக்கிழமை. அது முடிந்ததும் அந்தோனியாரின் கோயில் இருக்கும் பதுவா நகரத்தில் நான்கு இரவுகள் தங்க வேண்டும். "ஒண்டே ஒண்டுதான் பிள்ளை. செவ்வாய்க்கிழமை அவரின்ரை நாள். செவ்வாய்க்கிழமை நான் அங்க நிக்கோணும். மற்றதெல்லாம் உன்ரை விருப்பம்."

நான் எவ்வளவு கவனமாக இருந்தேன் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நியூசிலாந்து இத்தாலியைவிட ஏறக்குறைய அரை நாள் முந்தி ஓடுகிறது. அதனால் நோட்டில் எழுதி அடிக்கோடிட்டேன்: அங்கே செவ்வாய் என்றால் இங்கே புதன். புதன்கிழமை விடியற்காலை லண்டனிலிருந்து புறப்படும் விமானத்தில் இடம் பிடித்தேன். விடுதியையும் எடுத்தேன். பெயர், பிறந்த நாள், பாஸ்போர்ட் எண் மூன்றையும் மும்மூன்று முறை படித்தேன். "புதன் எண்டெல்லே கிடக்கு?" என்று அன்ரி கேட்டதற்குக்கூட, சுவரில் இருந்த உலகப் படத்தைக் காட்டி நேர வித்தியாசத்தைப் பொறுமையாக விளக்கினேன். அன்ரி அசந்துபோய்த் தன் கணவரைப் பார்த்தார். "படிச்ச பிள்ளையள் படிச்ச பிள்ளையள்தான், இஞ்சேருங்கோ."

ரயிலில் தெரிந்தது

மறுநாள் காலை, நானும் குடியிருக்கும் பாபகூராவில் வேலைக்கு ரயில் ஏறினேன். என் முதல் இத்தாலிப் பதிவு என்பதால் அதை நான்காவது முறையாக, வெறும் சந்தோஷத்துக்காகப் படித்தேன். தகனினியைத் தாண்டும்போது, நேரத்துக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருந்த ஒன்று கண்ணில் பட்டது: எல்லாம் அந்தந்த ஊரின் உள்ளூர் நேரம். அவர்களே மாற்றிக் கொடுத்ததை நான் மறுபடி ஒருமுறை மாற்றியிருக்கிறேன். டிக்கெட்டில் புதன் என்றால் அங்கேயும் புதன்தான். அன்ரி புதன்கிழமை போய் இறங்கி, ஞாயிற்றுக்கிழமை திரும்பிவிடுவார். நான்கு இரவு இருக்கிறது. செவ்வாய்க்கிழமை இல்லை.

கடைக்குள் நுழைந்ததும் மேகலா அக்காவிடம் சொன்னேன். அவர் பதிவைத் திறந்து விதிகளைப் பார்த்தார். எடுத்த இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் சொன்னால் சும்மாவே மாற்றலாம். அதேபோல மொத்தமாக ரத்தும் செய்யலாம். அதற்குப் பிறகு இரண்டும் முடியாது. மாற்றவும் வழி குறைவாக இருந்தது. செவ்வாய்க் காலை விமானம் நிரம்பிவிட்டது. திங்கள் மதிய விமானத்தில் மட்டும் இரண்டு இடம். திங்கட்கிழமை மாப்பிள்ளை வீட்டில் விருந்து இருக்கிறது என்று அன்ரி முந்தின நாளே சொல்லியிருந்தார். விருந்தை விட முடியாது என்றால் அவர் எல்லாவற்றையும் ரத்து செய்வார், என் பெயரில் ஒன்றும் இருக்காது. நாளைக்குச் சொன்னால் ரத்து செய்ய முடியாது, பதிவு நிற்கும், வேலையும் நிற்கும். இது எனக்குத் தோன்றவில்லை என்று சொன்னால் பொய். ஒரு கோப்பை தேநீர் ஆறும்வரை தோன்றிக்கொண்டே இருந்தது. அக்கா போனை என் பக்கம் நகர்த்தி வைத்தார். "உன் புக்கிங். நீயே பேசு லா."

தொலைந்தது கிடைத்தது

போனில் அன்ரியிடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். தப்பு என்னுடையது, வேண்டாம் என்றால் இன்றைக்குள் ரத்து செய்துவிடலாம் என்றும் சொன்னேன். "அப்ப நான் அங்க போய் இறங்கித்தான் அறிஞ்சிருப்பன், என்ன?" என்று அன்ரி கேட்டார். ஆமாம் என்றேன். "திங்கட்கிழமை சம்பந்தி வீட்டுச் சாப்பாடு, பிள்ளை. போகாட்டி மரியாதையில்லை." என் கை ரத்து செய்யும் படிவத்தைத் திறந்துவிட்டது.

அப்போது பின்னாலிருந்து அவர் கணவரின் குரல் கேட்டது. "ஆர் சொன்னது மரியாதையில்லை எண்டு? அந்த மனுசன் தன்ரை லண்டன் வீட்டுக் கதையைத் தொடங்கினா இருட்டுமட்டும் விடமாட்டான். திங்கட்கிழமையே வெளிக்கிடுவம்!" "சம்பந்தியிட்டை என்ன சொல்லுறது?" "அந்தோனியார் கூப்பிட்டவர் எண்டு சொல்லு. அவரோட ஆர் சண்டைக்குப் போறது?" இருவரும் என்னை மறந்து கொஞ்ச நேரம் கதைத்தார்கள். கடைசியில் அன்ரி, "ஓம், மாத்து" என்றார். திங்கள் மதியம் லண்டனிலிருந்து புறப்பாடு, செவ்வாய் முழுநாளும் பதுவாவில், வெள்ளிக்கிழமை திரும்பல். கிழமைகளை ஒவ்வொன்றாக உரக்க வாசித்து, அவரையும் திருப்பிச் சொல்லவைத்தேன். மன்னிப்புக் கேட்டேன், நன்றி சொன்னேன், மறுபடியும் மன்னிப்புக் கேட்டேன். அவர் பாதியில் நிறுத்தினார். "காணும், காணும். தொலைஞ்சதைத் தேடித் தாறது அவரின்ரை வேலை. நீ துலைச்ச செவ்வாய்க்கிழமையையும் அவர்தான் தேடித் தந்தவர். நீ பெருசா நினையாதை."

அடுத்த வியாழக்கிழமை என் மூன்று மாதம் முடிந்தது. மாலை ஐந்து மணிக்கு மேகலா அக்கா கண்ணாடியில் இருந்த தாளைக் கிழித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், என் பெயரில் எத்தனை பதிவு என்று கேட்டார். ஒன்று என்றேன். அதுவும் இரண்டு தடவை போட்டது, என்றார். இனி வர வேண்டாம் என்பதை எப்படிச் சொல்வது என்று யோசிக்கிறார் போலும் என்று நினைத்து, நானே முந்திக்கொண்டு மேசையில் இருந்த என் கோப்பையைப் பைக்குள் வைத்தேன். அக்கா திரும்பிப் பார்த்து, அதை எடுத்து மறுபடி மேசையில் வைத்தார். "நாளைக்கு லீவு எடுத்துக்கோ. திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வந்துரு. எந்த நாட்டுத் திங்கட்கிழமைன்னு மட்டும் கேட்டுராதே லா!"

ஆக, இத்தாலியை மூன்று மாதம் விற்றதில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: எந்த ஊர் என்பதை மனைவியோ டைல் பெட்டியோ புனிதரோ முடிவு செய்துவிடுவார்கள், என்ன கிழமை என்று பார்ப்பது மட்டும்தான் நம் வேலை.